ஓரணு உயிர்கள் இழந்தனவும் காத்தனவும்



புனே நகரின் வடகிழக்கே லோஹேகாவ் என்றோர் ஊர் இருக்கிறது. மகாராஷ்டிர மக்கள் போற்றும் துக்காராம் அடிகளாரின் தாய் பிறந்த ஊர் என்பது அதன் பழம்பெருமை. 1939 ஆம் ஆண்டில் அங்கே விமான தளம் அமைந்தது என்பது பிற்காலப் பெருமை. இன்று அந்தத் தளத்தைச் சார்ந்த குடியிருப்புகளில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அவற்றுள் ஒன்றைச் சேர்ந்தவர்களே நாமும்.

விமானப் படையில் பணியாற்றுவோர் வீட்டுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றல் உத்தரவு வந்து சேரும். வந்தவுடன் டிரங்குப் பெட்டிகள் திறக்கப்படும். எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்னும் வழக்கும் அத்துடன் தொடங்கிவிடும். ஆட்டுக்கல் முன்னொரு மாற்றலிலேயே போயிற்று. அதன் வேலையைச் செய்ய மின்சார அரைவை இயந்திரம் வந்துவிட்டது. அதற்காக எவரும் வருந்தவில்லை. ஆனால் கம்பளிப் போர்வையைப் பற்றி இன்னும் தீர்ப்பாகவில்லை. "தாம்பரத்துக்குப் போகிறோம், அங்கே கம்பளி எதற்கு?" என்று இளையவர்கள் கேட்பார்கள். "தாம்பரத்துக்கு அடுத்தது பதான்கோட்டாக இருந்தால் என்ன செய்வாய்?" என்று வீட்டுப் பெரியவர்கள் திருப்பிக் கேட்பார்கள்.

இந்த வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. கண்ணுக்குத் தெரியாத ஓரணு உயிர்களின் வாழ்விலும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இது நடந்து வருகிறது. வாதாட வாயும், தீர்மானிக்க மனமும் அவற்றுக்கு இல்லை. ஆயினும் எதை விட்டன, எதை வைத்துக்கொண்டன என்னும் கணக்கு அவற்றின் உடலில் துல்லியமாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கைப் படிக்கக் கற்றுக்கொண்ட விஞ்ஞானிகள், கொடிய நோய் ஒன்றை வெல்லும் வழியையும் அதிலேயே தேடுகிறார்கள். அதனைக் குறித்தே இன்று பேச விரும்புகிறோம்.

மழைக்காலம் வந்து, மாடித் தொட்டியிலும் வாசல் பூந்தொட்டியிலும் நீர் தேங்கத் தொடங்கினால், கொசுவைப் பற்றிய எச்சரிக்கையும் வந்துவிடும். மலேரியாக் காய்ச்சலை உண்டாக்குவது பிளாஸ்மோடியம் என்னும் ஓரணு உயிர். அதனைக் கொசுவின் வயிற்றுச் சுவரில் ரொனால்டு ராஸ் முதன்முதலாகக் கண்டது நம் நாட்டில்தான். சிகந்தராபாத்தில், 1897 ஆகஸ்டு 20 ஆம் நாள். இந்த உயிருக்கு வீடுகள் மூன்று. கொசுவின் உடல் ஒன்று. கொசு கடித்தபின் அது புகும் மனிதரின் கல்லீரல் மற்றொன்று. அங்கிருந்து பல்லாயிரமாகப் பெருகி வெளிவந்து அது குடியேறும் இரத்தத்தின் சிவப்பணு மூன்றாவது. நமக்குக் காய்ச்சல் வருவது இந்த மூன்றாம் வீட்டில் அது வாழும்போதுதான். பின்னர் வேறொரு கொசு நம்மைக் கடிக்கையில் மீண்டும் முதல் வீட்டுக்குப் போய்விடுகிறது. இவ்வாறு ஓயாமல் வீடு மாற்றும் உயிரின் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது?

அதனைத் திறந்து பார்க்குமுன், பொதுவான செய்தி ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும்.

நம் உடலின் பெரும்பாலான உயிரணுக்களுக்குள் நுண்ணுறுப்புகள் பல இருக்கின்றன. உணவிலிருந்து ஆற்றலைப் பிரித்தெடுக்கும் மைட்டோகாண்ட்ரியா அவற்றுள் தலையாயது. தாவரங்களுக்கு இதனோடு பசுங்கணிகமும் உண்டு. சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைப்பது அதுவே. இவை இரண்டும் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்கள். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் வேறோர் உயிரணுவுக்குள் புகுந்து, செரிக்கப்படாமல் தங்கி, அங்கேயே நிலைத்துவிட்டன. பசுங்கணிகம் இவ்வாறு வந்ததே என்று ரஷ்ய விஞ்ஞானி மெரெஷ்கோவ்ஸ்கி 1905 இல் எழுதினார். எவரும் பெரிதாகக் கொள்ளவில்லை. 1967 இல் அமெரிக்க அம்மையார் லின் மார்குலிஸ் இக்கொள்கையை விரிவாக நிலைநாட்ட முற்பட்டபோதும் எதிர்ப்பே மிகுந்திருந்தது. இன்று இது பாடநூல்களில் இடம்பெற்ற உண்மை.

அவ்வாறு குடியேறிய பாக்டீரியாக்கள் வரும்போது ஆயிரக்கணக்கான மரபணுக்களைக் கொண்டு வந்தன. இன்று மனித மைட்டோகாண்ட்ரியாவில் எஞ்சியிருப்பவை 37 மட்டுமே. மற்றவை எங்கே போயின? பல, வீட்டுத் தலைவனாகிய உட்கருவிடம் ஒப்படைக்கப்பட்டன. பல, தேவையின்றி மறைந்தன. புதிய குடியேற்றம் இன்றும் நிற்கவில்லை. கடலில் வாழும் ஓரணுப் பாசி ஒன்றினுள் தங்கியிருந்த பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் நுண்ணுறுப்பாகவே மாறிவிட்டது என்பதை 2024 இல் அமெரிக்க, ஜப்பானிய ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள்.

பெறுவது இவ்வாறென்றால், இழப்பது எவ்வாறு? இங்கே விஞ்ஞானிகளே ஒரு முறை ஏமாந்த கதை இருக்கிறது.

சீதபேதியை உண்டாக்கும் எண்டமீபா, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஜியார்டியா ஆகிய ஓரணு உயிர்கள் குடலில் வாழ்பவை. அங்கே ஆக்சிஜன் மிகக் குறைவு. அவற்றுள் மைட்டோகாண்ட்ரியா காணப்படவில்லை. ஆகவே 1980 களில் இவற்றை மிகப் பழைய உயிர்கள் என்று கருதினார்கள். மைட்டோகாண்ட்ரியா வந்து சேருமுன்னரே கிளை பிரிந்தவை என்று கணித்தார்கள். அதாவது, பெட்டியில் கம்பளி இல்லாததைக் கண்டு, இவர்கள் கம்பளியே அறியாதவர்கள் என்று முடிவு கட்டினார்கள். பின்னர் உட்கருவைத் துருவியபோது, மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வந்த மரபணுக்கள் அங்கே இருந்தன! மேலும் தேடியபோது, 1999 இல் எண்டமீபாவிலும் 2003 இல் ஜியார்டியாவிலும் மிகச் சிறிய பை போன்ற உறுப்புகள் அகப்பட்டன. அவை தேய்ந்துபோன மைட்டோகாண்ட்ரியாவே. அவற்றுக்கெனத் தனி டி.என்.ஏ. இல்லை; ஆற்றலும் அவை தருவதில்லை. ஜியார்டியாவின் பையில் எஞ்சியுள்ள முக்கியமான வேலை ஒன்றே: இரும்பையும் கந்தகத்தையும் கோத்துச் சிறு கொத்துகளாக ஆக்குவது. அக்கொத்துகள் இன்றி உயிரணுவின் முக்கியமான புரதங்கள் பல இயங்கா.

உண்மையிலேயே மைட்டோகாண்ட்ரியாவை முற்றும் இழந்த உயிரும் ஒன்று கிடைத்தது. மோனோசெர்கோமோனாய்ட்ஸ் என்பது அதன் நீண்ட பெயர். சின்சில்லா என்னும் கொறிக்கும் பிராணியின் குடலிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்டது. பிராகு நகர ஆய்வாளர்கள் 2016 இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் ஆராய்ந்தபோது மைட்டோகாண்ட்ரியாவின் சுவடே இல்லை. இரும்பு கந்தகக் கொத்துகளுக்கு அது என்ன செய்கிறது? அந்த வேலைக்குரிய மரபணுக்களை அது பாக்டீரியாவிடமிருந்து பெற்றிருக்கிறது! நம் வீட்டில் ஆட்டுக்கல் போனதும் இவ்வாறே அன்றோ? அரைக்கும் வேலை போகவில்லை. அதற்கு வேறொன்று கிடைத்தபின்புதான் கல் போயிற்று.

இனி மலேரியா உயிரின் பெட்டிக்குத் திரும்புவோம்.

அதன் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. சுமார் 6,000 எழுத்துகளே கொண்டது. அதில் புரதங்களுக்கான மரபணுக்கள் மூன்றுதான். மனித மைட்டோகாண்ட்ரியாவில் அவை 13. அவ்வளவு சிக்கனம்! ஆனால் அதனருகே மற்றொரு சிறு நுண்ணுறுப்பும் இருந்தது. நுண்நோக்கியில் பல ஆண்டுகள் கண்ணில் பட்டும் அது இன்னதென்று விளங்காமல் இருந்தது. 1996 இல் இலண்டனில் இயன் வில்சன் குழுவினர், வட்ட வடிவமான 35,000 எழுத்து டி.என்.ஏ. ஒன்றைப் படித்து முடித்தார்கள். அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் ஜெஃப் மெக்ஃபாடன் குழுவினர், பசுங்கணிகத்தைச் சேர்ந்த அத்தகைய டி.என்.ஏ. இந்த உயிரினக் கூட்டத்தில் இருப்பதை எடுத்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டில் அதன் இருப்பிடம் அந்தச் சிறு நுண்ணுறுப்பே என்பது உறுதியாயிற்று. அதற்கு ஏபிகோபிளாஸ்ட் என்று பெயரிட்டார்கள். அது பச்சை நிறம் போன பசுங்கணிகம்!

நேயர்கள் வியப்பது இயல்பே. வெயிலே படாத நம் இரத்தத்துக்குள் வாழும் கிருமிக்குப் பசுங்கணிகம் எங்கிருந்து வந்தது? அதன் முன்னோர் கடலில் வெயில் காய்ந்து வாழ்ந்தவர்கள் என்பதே விடை. செந்நிறப் பாசியை விழுங்கி, அதன் கணிகத்தைத் தம்முள் வைத்துக்கொண்ட மரபில் வந்தது இது. அதனால்தான் அதைச் சுற்றி நான்கு சவ்வுகள் இருக்கின்றன. இதற்குச் சான்றாக உறவினர் ஒருவரும் அகப்பட்டார். சிட்னித் துறைமுகத்துப் பவளத்திலிருந்து எடுத்த குரோமெரா என்னும் ஓரணு உயிர் மலேரியா உயிரின் தாயாதி என்பது 2008 இல் வெளியாயிற்று. அது இன்றும் சூரிய ஒளியில் உணவு சமைத்துக்கொண்டிருக்கிறது. தாயாதி கடலில் பரம்பரைத் தொழிலைச் செய்துவர, மற்றவர் ஊர்விட்டு ஊர் போய்த் தொழிலையே மறந்தார் என்று சொல்லலாம்.

தொழிலை மறந்தபின் கருவியை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? பசுங்கணிகம் ஒளியைப் பிடிப்பதோடு வேறு சில பொருள்களையும் செய்துவந்தது. ஐசோபிரினாய்டு என்னும் வகைப் பொருள்களுக்கு வேண்டிய மூலப்பொருள் அவற்றுள் ஒன்று. ரப்பர் மரத்தின் பாலும், கேரட்டின் செம்மஞ்சள் நிறமும் இந்தக் குலத்தைச் சேர்ந்தவையே. அந்த மூலப்பொருள் இன்றி மலேரியா உயிரால் வாழ முடியாது. 2011 இல் அமெரிக்காவில் எல்லன் யேயும் ஜோசப் டெரிசியும் இதனை அழகாக மெய்ப்பித்தார்கள். ஏபிகோபிளாஸ்டை முற்றும் அழித்துவிட்டு, அந்த ஒரு பொருளை மட்டும் வெளியிலிருந்து கொடுத்தபோது, சிவப்பணுவில் அக்கிருமி தொடர்ந்து வாழ்ந்தது!

இதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். சுதந்திரம் பெற்ற காலத்தில் நம் நாட்டில் ஆண்டுதோறும் சுமார் ஏழரைக் கோடிப் பேரை மலேரியா பீடித்தது. சுமார் 8 லட்சம் பேர் மாண்டனர் என்பது அக்கால மதிப்பீடு. 1953 இல் தொடங்கிய தேசிய இயக்கத்தால் 1960 களின் நடுவில் அது லட்சம் பேர் அளவுக்குக் குறைந்தது. பின்னர் 1976 இல் மீண்டும் 64 லட்சமாக எழுந்தது. இன்று நம் நாட்டில் நோய் வெகுவாகத் தணிந்திருக்கிறது. ஆயினும் உலகத்தில் 2022 ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 6 லட்சம் பேர் இதனால் இறந்தனர். பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். பழைய மருந்துகளை வெல்லக் கிருமி கற்றுக்கொண்டே வருகிறது. அதைக் கொல்ல வேண்டும். நம்மைக் கொல்லக் கூடாது. ஆகவே, அதனிடம் இருந்து நம்மிடம் இல்லாத ஒன்றைத் தேட வேண்டும். நம் உடலில் பசுங்கணிகம் இல்லை அன்றோ?

டாக்ஸிசைக்ளின் என்னும் மருந்து மலேரியாவைத் தடுக்கப் பயன்படுவது இவ்வாறே. பாக்டீரியாவைத் தாக்கும் அம்மருந்து, பாக்டீரியா வழிவந்த ஏபிகோபிளாஸ்டின் புரதத் தொழிற்சாலையையும் தாக்குகிறது. விந்தை என்னவென்றால், மருந்து பட்ட தலைமுறை உடனே சாவதில்லை. பழுதான உறுப்பைச் சுதந்தரித்த அடுத்த தலைமுறையே சாகிறது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் சமன் ஹபீப் அம்மையாரின் குழுவினரும் இந்த உறுப்பை நுணுகி ஆராய்ந்திருக்கிறார்கள்.

இனி, நமக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறோம். இதில் வருபவரும் நம்மைப் போல் வெளிமாநிலம் கண்ட தமிழரே. தஞ்சை மாவட்டத்தை வேராகக் கொண்ட குடும்பத்தில் தோன்றிய கோவிந்தராஜன் பத்மநாபன், பெங்களூரில் பள்ளிப் படிப்பு முடித்து, சென்னையிலும் டில்லியிலும் உயர்கல்வி பயின்று, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1966 இல் ஆய்வுப் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் அக்கழகத்தின் இயக்குநராகவும் விளங்கினார். அவரும் நமீதா சுரோலியா அம்மையாரும் 1992 இல் ஒரு புதிரை முன்வைத்தனர்.

இரத்தத்துக்குச் செந்நிறம் தருவது ஹீம் என்னும் இரும்புச் சேர்மம். சிவப்பணுவுக்குள் வாழும் மலேரியாக் கிருமி ஹீம் கடலில் மூழ்கிக் கிடக்கிறது என்றே சொல்லலாம். அது தின்னும் ஹீமோகுளோபினிலிருந்து வரும் ஹீம், கழிவாக ஒதுக்க வேண்டிய அளவுக்கு மிகுதி. அப்படியிருந்தும் அக்கிருமி தனக்கென்று ஹீமைத் தானே செய்துகொள்கிறது! அதுவும் எளிய வழியில் அன்று. மைட்டோகாண்ட்ரியாவில் தொடங்கி, ஏபிகோபிளாஸ்டுக்குள் நுழைந்து, வெளிவந்து, மறுபடியும் மைட்டோகாண்ட்ரியாவில் முடியும் நீண்ட பாதை அது. ஆற்றங்கரையில் வீடு கட்டியவன் கிணறும் தோண்டுவானேன்?

விடை 2013 இல் கிடைத்தது. பத்மநாபன் குழுவினர், ஹீம் செய்யும் மரபணுக்களை நீக்கிய மலேரியாக் கிருமிகளை உண்டாக்கினார்கள். இரத்தத்தில் அவை ஒரு குறையுமின்றி வளர்ந்தன. எனவே அந்த மரபணுக்கள் வீண் சுமை என்றே அந்த வீட்டில் நிற்பவர் சொல்லியிருப்பார். ஆனால் அவை கொசுவின் உடலுக்குள் சென்றதும் வளர்ச்சி தடைப்பட்டது. கல்லீரலில் வளரவும் சொந்த ஹீம் தேவை என்பது தெரிந்தது. மூன்றாம் வீட்டில் வேண்டாத பொருள், முதல் இரண்டு வீடுகளிலும் உயிர்ப்பொருளாக இருந்தது. பெட்டியில் கிடந்த கம்பளி பதான்கோட்டுக்காகவே கிடந்தது!

இதே பாடத்தை மற்றொரு நிகழ்ச்சியும் தந்தது. கொழுப்பு அமிலங்களை ஏபிகோபிளாஸ்டில் செய்யும் நொதி ஒன்றை டிரைக்ளோசான் என்னும் மருந்து தடுப்பதாக 2001 இல் நமீதா சுரோலியாவும் அவதேஷ சுரோலியாவும் அறிவித்தனர். இரத்தத்தில் உள்ள கிருமியை ஒழிக்க இது வழியாகும் என்ற நம்பிக்கை எழுந்தது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வந்த ஆய்வுகளோ, அந்தக் கொழுப்புத் தொழில் இரத்தத்தில் இன்றியமையாதது அன்று, கல்லீரலில்தான் அது வேண்டியிருக்கிறது என்று காட்டின. இதனால் நம்பிக்கை இடம் மாறிற்று. காய்ச்சல் வந்தபின் தருவதற்குப் பதிலாக, அது வருமுன் கல்லீரலிலேயே கிருமியை மடக்கும் எண்ணத்துக்கு இத்தகைய ஆய்வுகள் வலுவூட்டின. எதிரியின் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதோடு, எந்த ஊருக்காக அது இருக்கிறது என்பதையும் அறிந்தால்தான் மருந்து பலிக்கும்.

இந்த ஓரணு உயிர் எதிர்காலத்தை எண்ணித் திட்டமிட்டது என்று கொள்ளலாகாது. ஒவ்வொரு முறை பிளவுறும்போதும் மரபணுவைப் படியெடுப்பதில் பிழைகள் நேர்கின்றன. எந்த வீட்டிலும் தேவைப்படாத மரபணுவில் பிழை நேர்ந்தால் கேடு இல்லை. பிழைமேல் பிழை சேர்ந்து நாளடைவில் அது மறைந்துவிடும். ஒரே ஒரு வீட்டிலேனும் தேவைப்படும் மரபணுவில் பிழை நேர்ந்தால், அந்தக் கிளை அந்த வீட்டு வாசலில் மடிந்துபோகும். பிழைத்து நிற்கும் கிளையின் பெட்டியில் தேவையானது இருக்கக் காண்கிறோம். ஒளியைப் பிடிக்கும் கருவி மூன்று வீடுகளிலும் பயன்படவில்லை, அது போயிற்று. ஹீம் செய்யும் கருவி இரண்டில் பயன்பட்டது, அது நின்றது. போனதோ போனதுதான். வெயிலில் கொண்டுபோய் வைத்தாலும் மலேரியாக் கிருமி இனிப் பச்சையாகாது.

நேயர்களே, நம்மைக் கிருமியோடு ஒப்பிடுவதாக எண்ண வேண்டாம். லோஹேகாவில் நமக்கு இடம் தந்த மக்கள் நம் அயலாராகவும் நண்பராகவும் இருக்கிறார்கள். அவர்கள் மொழியை நம் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகப் பேசுகிறார்கள். அது நமக்கு வந்த செல்வம். ஆனால் அதே பிள்ளைகள் தமிழ் எழுத்தைக் கற்க உட்காரும்போது, "இது இங்கே எதற்கு?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. கடைத்தெருவில் மராத்தி போதும். பள்ளியில் ஹிந்தியும் ஆங்கிலமும் போதும். இந்த ஒரு வீட்டை மட்டும் பார்த்தால் விடை சொல்வது அரிது.

ஊரிலிருந்து பாட்டியின் கையெழுத்தில் வரும் கடிதமும், என்றோ ஒரு நாள் தாம்பரத்துக்கு வரக்கூடிய மாற்றலும் அந்த விடையின் பகுதிகள். எல்லாவற்றையும் சுமக்க எவராலும் இயலாது. ஆட்டுக்கல்லை நாமும் விட்டுத்தான் வந்தோம். ஓரணு உயிருக்குப் போனது திரும்பாது. மனிதருக்கோ மறந்ததை மறுபடியும் கற்கும் பேறு உண்டு. ஆயினும் பெட்டியில் இருப்பதைக் காப்பது, இழந்ததைத் தேடுவதினும் எளிது.

இம்முறை கம்பளிப் போர்வையை வெயிலில் காயவைத்து, பாச்சை உருண்டை நான்கு இட்டு, பெட்டியின் அடியில் வைத்திருக்கிறோம். அதன்மேல் பிள்ளைகளின் தமிழ்ப் பாடப் புத்தகங்களையும் அடுக்கியிருக்கிறோம்.